துரும்பன் பூனையும் ஹெல்மெட் மனிதரும்

அத்தியாயம் 5

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு செல்போன் கடையின் மாடியில் இருக்கிறது ராசாத்தி துப்பறியும் நிலையம். அங்கே படியேறுகிறவர்கள் பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்கள்தான். பையன் குடிப்பானா, சொன்ன கம்பெனியில்தான் வேலை பார்க்கிறானா, ஏற்கெனவே எங்காவது ஒரு குடும்பம் வைத்திருக்கிறானா. காணாமல் போன இரண்டு பூனைக்குட்டிகளைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று ஒரு பெண் அழாத குறையாக வந்து நின்றது இதுதான் முதல் தடவை.

வந்தவள் பெயர் நந்தினி. ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காடுகளில் காட்டு விலங்குகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள்.

"வூட்டுப் பூனைன்னு நெனச்சுடாதீங்க மேடம். இது துரும்பன் பூனை. உலகத்துலயே சின்னக் காட்டுப்பூனை. வளந்ததே நம்ம வூட்டுப் பூனையில பாதிதான் இருக்கும். ரெண்டு வருஷமா தேடி, இந்தப் பக்கத்துல என் கண்ணுல பட்டது ஒரே ஒரு தாய். அது ஒரு முந்திரி மரப் பொந்துல குட்டி போட்டிருந்துச்சு. நேத்து வரைக்கும் இருந்த குட்டிங்க இன்னைக்குக் காலையில இல்ல" என்றாள்.

அது ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலையிலேயே கிளம்பிவிடுவது என்று முடிவாயிற்று. ராசாத்தியின் உதவியாளன் முத்தமிழ் மட்டும் அரை மணி நேரம் தாமதமாக பைக்கில் வந்து சேர்ந்தான்.

"சிறுவாச்சூர் கோயில் கூட்டம் அக்கா. திங்களும் வெள்ளியும்தான் நடை தொறக்குறாங்க, ரோடே அடைச்சுக் கெடக்கு."

"உன் வூடு எளம்பலூர்ல. அதுக்கும் சிறுவாச்சூருக்கும் நடுவுல பெரம்பலூரே இருக்கு."

"அவ்ளோ தூரத்துக்குக் கூட்டம் நிக்குதுங்க" என்றான் முத்தமிழ், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

ராசாத்தி பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். துப்பறிய வருவதற்கு முன்னால் அவள் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவள். எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்று சத்தியம் செய்த முகங்களை வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து, பொய் முகத்தில் எங்கே உட்காரும் என்பது அவளுக்கு அத்துப்படி. முத்தமிழின் முகத்தில் அது எப்போதும் மூக்கின் மேல் உட்காரும்.

அரியலூரைத் தாண்டும்போது சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக எதிரே வந்தன. ஆண்டிமடம் போய்ச் சேர்ந்தபோது முத்தமிழுக்குச் சிமென்ட் பூசிய முகம், காலியான வயிறு. வழியில் நிறுத்திச் சாப்பிட ராசாத்தி சம்மதிக்கவில்லை. அதற்குக் காரணம் நந்தினி போனில் சொன்ன ஒரு வாக்கியம்.

"கண்ணு தொறந்து கொஞ்ச நாள்தான் மேடம் ஆகுது. தாய்ப்பால் இல்லாம தாங்காது. எடுத்துட்டுப் போனவன் கடைப் பாலைக் குடுத்தான்னா வயிறு போயே செத்துடும்."

தோப்பில் நந்தினி காத்துக்கொண்டிருந்தாள். இரவெல்லாம் தூங்காத கண்கள். வயதான ஒரு முந்திரி மரத்தின் அடியில் முழங்கால் உயரத்தில் பொந்து. அதற்கு எதிரே இன்னொரு மரத்தில், இலை நிறத்தில் பெட்டி போல ஒரு கேமரா. எதிரில் ஏதாவது அசைந்தால் தானே படம் பிடித்துக்கொள்ளும். பொந்துக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளிக் கீற்று வேய்ந்த மோட்டார் கொட்டகை ஒன்று இருந்தது.

"பொந்து காலி. சனிக்கிழமைதான் இந்தக் கேமராவைப் பொந்தைப் பார்த்து மாத்திக் கட்டுனேன், அதுல இருந்த மெமரி கார்டும் இல்ல" என்றாள் நந்தினி. "எனக்குத் தெரியும் யாருன்னு. திருச்சியிலேருந்து ஒருத்தன் போன் பண்ணிக்கிட்டே இருந்தான், குட்டிச் சிறுத்தை மாதிரி ஏதோ இருக்காமே, வளக்குறதுக்குக் கெடைக்குமான்னு. இங்க ஆள் விட்டுத் தூக்கிட்டான்."

"தோப்பு யாரோடது?"

"அடைக்கலசாமி ஐயாவோடது. ரொம்ப நல்ல மனுஷன் மேடம். கேமரா கட்டலாமான்னு கேட்டதும் சரின்னுட்டாரு. வேலையில இருந்தா டீ கூட அனுப்புவாரு."

ராசாத்தி கேமராவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "இது விலை ஜாஸ்தியா?"

"என் ஒரு மாசச் சம்பளம்."

"திருடன் இதை விட்டுட்டு உள்ள இருக்குற கார்டை மட்டுமா எடுப்பான்?"

"அவன் மூஞ்சி அதுல விழுந்திருக்குமே."

"அப்ப கேமராவையே பிடுங்கிட்டுப் போயிருப்பான், இல்ல கல்லால அடிச்சிருப்பான். இவன் பெட்டியத் தொறந்திருக்கான், கார்டை எடுத்திருக்கான், திரும்ப மூடிக் கொக்கியப் போட்டிருக்கான். பனி எறங்காம இருக்க நீ மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையக்கூட மறுபடி மாட்டிட்டுப் போயிருக்கான். நந்தினி, இது திருட்டுக்குப் பழகின கை இல்ல. அடுத்தவங்க பொருளு கெட்டுடக் கூடாதுன்னு நெனைக்கிற கை."

முத்தமிழ் மரத்தின் மேல் குனிந்து எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு எறும்புகள் வரிசையாக மரத்தில் ஏறி, நேராகக் கேமராவின் கொக்கிக்குப் போய், அங்கே கூட்டம் போட்டிருந்தன.

"எறும்புக்குக் கேமராவுல என்ன அக்கா வேலை?" என்றபடி மூக்கைக் கிட்டே கொண்டுபோனான். ஒரு தடவை மோந்தான். கண்ணை மூடி இன்னொரு தடவை மோந்தான். "சிக்கன் வறுவல். எண்ணெய்க் கை. இஞ்சி பூண்டு கொஞ்சம் தூக்கல்."

"உனக்குப் பசி."

"பசிதான், ஆனா இது சிக்கன்தான். சத்தியமா."

ராசாத்தியும் குனிந்து மோந்து பார்த்தாள். அவன் மூக்கின் மேல் எதுவும் உட்கார்ந்திருக்கவில்லை.

நந்தினிக்குத்தான் குழப்பம். "இந்த ஊர்லயா? இருக்கவே இருக்காதுங்க. தவக்காலம் நடக்குது. விபூதிப் புதன்லேருந்து ஈஸ்டர் வரைக்கும் ஊர்ல ஒரு வூட்டுலயும் கவிச்சி கெடையாது. அது ஊர்க் கட்டுப்பாடு. டீக்கடையில முட்டை போண்டா போடுறதைக்கூட நிறுத்திட்டாங்க."

"அதைச் சொல்லாதீங்க, விசாரிச்சுட்டேன்" என்றான் முத்தமிழ் துக்கத்தோடு.

ராசாத்தியின் முகம் மலர்ந்தது. "ஊரே கறி திங்கிறப்போ ஒருத்தன் தின்னா கண்டுபிடிக்க முடியாது. ஊரே திங்காதப்போ ஒருத்தன் தின்னா, அவன் எங்கயாவது வாங்கித்தானே ஆகணும்? முத்து, உனக்குச் சாப்பாடு கெடைக்கப் போவுது."

நந்தினியைத் தோப்பிலேயே விட்டுவிட்டு இருவரும் ஆண்டிமடம் கடைத்தெருவுக்குத் திரும்பினார்கள். விசாரித்ததில், அக்கம்பக்கத்துக் கிராமங்களில் விரதம் என்பதால் வியாபாரம் படுத்துவிட்டது என்று முக்கால்வாசிக் கறிக்கடைகள் அரைக் கதவோடு இருந்தன. பிரசாத் என்பவரின் கடையில் மட்டும் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது.

முத்தமிழ் ஒரு தட்டு வறுவல் வாங்கி முதல் துண்டைக் கடித்ததும் ராசாத்தியைப் பார்த்துத் தலையாட்டினான். இஞ்சி பூண்டு தூக்கல்தான்.

"தவக்காலத்துல யாருங்க உங்ககிட்ட வாங்குறாங்க?" என்று பேச்சைத் தொடங்கினாள் ராசாத்தி.

"ஏதோ வருது போவுதுங்க" என்றார் பிரசாத். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒருத்தரு மட்டும் தெனமும் வருவாரு. யாருன்னு தெரியாது. ஹெல்மெட்டக் கழட்டவே மாட்டாரு."

முத்தமிழுக்குப் புரை ஏறியது. "ஆண்டிமடத்துல ஹெல்மெட்டா?"

"அதாங்க. வண்டி ஓட்டும்போதே இங்க எவனும் போட மாட்டான். இவரு வண்டியத் தெருமுனையில விட்டுட்டு ஹெல்மெட்டோட நடந்து வருவாரு. முதல் நாளு நான் போலீஸ்னு நெனச்சு ஓசியிலயே குடுத்துட்டேன்."

"வெள்ளிக்கிழமையும் வருவாரா?"

பிரசாத் யோசித்தார். "வெள்ளிக்கிழமை மட்டும் வரமாட்டாருங்க. எப்படிக் கேட்டீங்க?"

தப்புப் பண்ணும்போதும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிற மனிதர்களை ராசாத்திக்குப் பிடிக்கும். "குரல் எப்படி இருக்கும்?"

"நல்ல கணீர்க் குரலு. ஆனா எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்வாரு. 'லெக் பீஸ்... லெக் பீஸ்.' 'வறுவல் பார்சல்... வறுவல் பார்சல்.' எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சாரோ என்னவோ."

பைக் மறுபடி கிராமத்துக்குள் நுழைந்தபோது மாதா கோயில் கோபுரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் கரகரவென்று உயிர் பெற்றது.

"இறைமக்கள் அனைவருக்கும் அன்பான அறிவிப்பு... அன்பான அறிவிப்பு. கோயிலைச் சுத்தம் செய்யும் பணிக்கு மூணாவது அன்பியத்தைச் சேர்ந்த குடும்பங்கள்... மூணாவது அன்பியத்தைச் சேர்ந்த குடும்பங்கள்... சாயங்காலம் வந்துடவும்... வந்துடவும்."

முத்தமிழ் பிரேக் போட்டதில் ராசாத்தி அவன் முதுகில் மோதினாள். அவன் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

எதிரே குடத்தோடு வந்த பெண்ணிடம் ராசாத்தி கேட்டாள். "இது யாருங்க பேசுறது?"

"எங்க கோயில் பங்குப் பேரவைத் தலைவருங்க. அடைக்கலசாமி. ஈஸ்டர் வரைக்கும் ஊர்ல யாரும் கவிச்சி தொடக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டதே அவருதான். மக சோபியாவுக்கு நர்ஸ் வேலை கெடைக்கணும்னு ஏலாக்குறிச்சி மாதாகிட்ட புருஷனும் பொஞ்சாதியும் நேந்துகிட்டாங்க. அவ்ளோ பக்தி."

நந்தினிக்கு டீ அனுப்பும் அதே அடைக்கலசாமி. ராசாத்தி அவளுக்குப் போன் போட்டுக் கோயிலுக்கு வரச் சொன்னாள்.

கோயில் முற்றத்தில் ஒரு ஸ்டூலின் மேல் ஏறி நின்று, ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார் அடைக்கலசாமி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, ஐம்பதைத் தாண்டிய கனத்த உடம்பு. கழுத்தில் உத்தரியம், அதாவது மாதா படம் தைத்த சிறிய துணிப்பை.

"வணக்கமுங்க. பெரம்பலூர்லேருந்து வரோம்" என்றாள் ராசாத்தி. முக்கியமான கேள்வியை அவள் முதலில் கேட்பதில்லை. அன்றைக்குக் கேட்டாள். "உங்க ஹெல்மெட் ரொம்ப நல்லாருக்குன்னு கேள்விப்பட்டோம். எந்தக் கடையில வாங்குனீங்க?"

ஸ்டூல் ஆடியது. முத்தமிழ் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான்.

அடைக்கலசாமி இறங்கி வந்து, அவர்களைக் கோயிலின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே மாதா சிலை வைத்த, குகை போன்ற கெபி இருந்தது. அதைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய், மாதாவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு பேச ஆரம்பித்தார்.

"திருச்சபைச் சட்டப்படி பார்த்தா வெள்ளிக்கிழமை மட்டும்தான் கவிச்சி ஆகாது. மத்த நாளெல்லாம் நாங்களா நேந்துகிட்டது. ஒரு வாரம் தாங்குனேன். அதுக்கு மேல முடியல... முடியல."

"அதை உங்க வூட்டம்மாகிட்ட சொல்லிட்டே சாப்பிட்டிருக்கலாமே?" என்றான் முத்தமிழ்.

"தம்பி, நீங்க சாந்தி மேரியப் பார்த்ததில்ல."

அவர் சொன்ன கதை இதுதான். தினமும் சாயங்காலம் பார்சலை வாங்கிக்கொண்டு தோப்புக்குப் போவார். மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து சாப்பிடுவார். எலும்பைக் கொட்டகைக்குப் பின்னால் வீசுவார். மறுநாள் பார்த்தால் எலும்பு இருக்காது. கடவுளே தன் பாவத்தை மறைக்கிறார் என்று கொஞ்ச நாள் நினைத்தாராம். சனிக்கிழமை இருட்டுகிற நேரத்தில், வாயில் லெக் பீஸோடு நிமிர்ந்தபோது எதிர் மரத்தில் குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. அப்போதுதான் அந்தப் பெட்டி இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதே அவருக்கு உறைத்தது.

"என்னைய அந்தப் பொண்ணு பார்த்து ஊர்ல சொல்லிட்டா? ஊரையே பட்டினி போட்டவன் நான். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கோயில்ல நிப்பேன்?" அவர் கழுத்து உத்தரியத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "குட்டிங்களப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தொடவே இல்ல. மாதா மேல ஆணை."

ராசாத்தி அவர் முகத்தை முழுசாகப் பார்த்தாள். பொய் எங்கும் உட்கார்ந்திருக்கவில்லை. "கார்டு எங்க?"

அடைக்கலசாமி கழுத்திலிருந்த உத்தரியத்தைக் கழற்றி, தையலைப் பிரித்து, நகமளவு மெமரி கார்டை எடுத்தார்.

"உத்தரியத்துக்குள்ளயா?" என்றான் முத்தமிழ்.

"அடுத்தவங்க பொருளு, பத்திரமா இருக்கணும்ல. ஈஸ்டர் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடலாம்னு இருந்தேன்."

அதற்குள் நந்தினி வந்து சேர்ந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ராசாத்தி அவர்கள் இருவருக்கும் பொதுவாக ஒன்று சொன்னாள். "படத்துல என்ன இருந்தாலும் அது இந்த நாலு பேரைத் தாண்டாது. அதுக்கு நான் பொறுப்பு." அடைக்கலசாமி இரண்டு கையையும் கூப்பினார்.

நந்தினி பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துக் கார்டைச் செருகி, முத்தமிழின் போனில் மாட்டினாள். படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

முதல் படம். பொந்து வாசலில் தாய்ப்பூனை, உடம்பெல்லாம் துருப்பிடித்த மாதிரி புள்ளிகள். வாயில் ஒரு குட்டி தொங்குகிறது. பின்னால் கொட்டகை வாசலில் அடைக்கலசாமி, வாயில் லெக் பீஸ்.

அடுத்த படத்தில் பூனை கொட்டகையை நோக்கி ஓடுகிறது. அடைக்கலசாமி பார்சலுக்குள் எதையோ தேடுகிறார். மூன்றாவதில் பூனை கூரை விளிம்பில் நிற்கிறது, குட்டி சரியாக அவருடைய வழுக்கைத் தலைக்கு மேலே தொங்குகிறது, அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலைச் சப்பிக்கொண்டிருக்கிறார். பிறகு இரண்டாவது குட்டி, அதே வழி, அதே மனிதர். கடைசிப் படத்தில் அவர் முகம் மட்டும், கேமராவுக்கு மிக அருகில், பேயைப் பார்த்தவர் போல.

நந்தினி மறுபடி முதல் படத்துக்குப் போனாள்.

"திருடுனது தாயேதான்" என்றாள் ராசாத்தி. "பொந்துலேருந்து எடுத்துக் கொட்டகைக் கூரைக்குள்ள வச்சிருக்கா. காலையில நாம அங்க நின்னு பேசிக்கிட்டு இருந்தப்பவும் குட்டிங்க அங்கதான் இருந்திருக்கு."

"ஏன் மேடம் மாத்தணும்? பொந்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"தெனமும் வந்து பொந்துக்குள்ள டார்ச் அடிச்சு எட்டிப் பார்த்தது யாரு?"

"நான்தான்" என்றாள் நந்தினி, மிகவும் மெதுவாக. "குட்டிங்க நல்லாருக்கான்னு பார்க்கத்தான் போனேன்."

"பெத்தவளுக்கு அது எப்படித் தெரியும்?" என்றாள் ராசாத்தி. கடுமையாகச் சொல்லவில்லை. ஆனாலும் நந்தினிக்கு அது நன்றாகவே வலித்தது. இரண்டு நாளாகத் திருச்சிக்காரனைத் திட்டித் தீர்த்தவள் அவள்.

"ஆனா இவரு பக்கத்துல போய் வைக்கணுமா?" என்றான் முத்தமிழ்.

"இவரு எலும்பு போட்டாரு. எலும்புக்கு எலி வந்துச்சு. குட்டிக்குப் பால் குடுக்குற தாய்க்கு அதைவிட வேற என்ன வேணும்? இவரும் எதையும் நிமிந்து பார்க்கிறவரு இல்ல."

அடைக்கலசாமிக்கு அப்போதுதான் ஏதோ ஞாபகம் வந்தது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்தது. "கொட்டகைக் கூரையிலயா இருக்கு?"

"ஆமா."

"எலி மோட்டார் ஒயரைக் கடிச்சுப்புடுச்சு. கூரையப் பிரிச்சுக் கொளுத்திட்டுத் தகரம் போடணும்னு சாந்தி மேரி இன்னைக்குத்தான் ஆள் விட்டுருக்கா. இந்நேரம் ஏறியிருப்பானுங்க."

நந்தினி ஏற்கெனவே தன் ஸ்கூட்டியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். முத்தமிழின் பைக்கில் ராசாத்தியும் அவளுக்குப் பின்னால் அடைக்கலசாமியும் ஏறிக்கொண்டார்கள். டயர் இரண்டும் முனகின. மூன்று பேரும் தெருவில் போனதை ஊரே பார்த்தது. அன்றைக்கு அவர் ஹெல்மெட் போடவில்லை.

தோப்பில் கூரையின் ஒரு பக்கம் ஏற்கெனவே எலும்புக்கூடாகி இருந்தது. பிரித்த கீற்றைக் குவித்து வைத்து, பக்கத்தில் மண்ணெண்ணெய் கேன் தயாராக இருந்தது. மேலே இரண்டு ஆட்கள். கீழே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாந்தி மேரி. ஒல்லியான உடம்பு, ஆனால் அவள் நின்ற இடத்தில் வேறு யாருக்கும் நிற்க இடமில்லாத மாதிரி இருந்தது.

"நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே வந்தாள் நந்தினி. "கூரைக்குள்ள குட்டி இருக்கு. கழியை விட்டுக் குத்தாதீங்க."

மேலே இருந்தவர்கள் சாந்தி மேரியைப் பார்த்தார்கள். சாந்தி மேரி நந்தினியைப் பார்த்தாள்.

"என்ன குட்டி?"

"துரும்பன் பூனை அக்கா. நான் தேடிக்கிட்டு இருந்தது."

"இங்க எலியைத் தவிர ஒண்ணும் கெடையாது. போன மாசம் ஒருத்தன் மலைப்பாம்புன்னு சொல்லி வேலைய நிறுத்தினான். போய்ப் பார்த்தா ஹோஸ் பைப்பு. தகரம் வண்டியில வந்து நிக்குது பாரு. டேய், நீங்க பிரிங்கடா."

"கையை விட்டுத் தேடினா தாய் பயந்து ஓடிடும். பகல்ல தொரத்திட்டோம்னா திரும்ப வருவான்னு சொல்ல முடியாது. வரலைன்னா குட்டிங்க செத்துடும் அக்கா." நந்தினி அழுதேவிட்டாள்.

"அப்ப இருக்குங்கறதுக்கு என்ன அத்தாட்சி?"

அத்தாட்சி முத்தமிழின் சட்டைப் பையில் இருந்தது. அவன் ஒதுங்கிப் போய் போனில் படத்தை வெட்டிப் பார்த்தான். அடைக்கலசாமியின் தலையை வெட்டினால் குட்டியும் சேர்ந்து போயிற்று. லெக் பீஸை வெட்டினால் பூனைக்கு முன்கால் இல்லை. "என்ன பண்ணாலும் இவரு வராரு அக்கா" என்று கிசுகிசுத்தான். ராசாத்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாக்குக் கொடுத்தவள் அவள். மேலே ஒரு கீற்றுக்கட்டு சரசரவென்று அவிழ்ந்து கீழே விழுந்தது.

அடைக்கலசாமி கூரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கூரையில் இருந்தவர்கள் இருவரும் அவருடைய கோயில் பங்கைச் சேர்ந்தவர்கள். கறி தின்று ஒரு மாதம் ஆனவர்கள். அவருடைய நெற்றி வேர்த்து, வேர்வை புருவத்தில் இறங்கியது.

"தம்பி, அந்தப் போனைக் குடுங்க" என்றார்.

முத்தமிழ் ராசாத்தியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அடைக்கலசாமி போனை வாங்கி, தானே நடந்துபோய், மனைவியின் கையில் கொடுத்தார்.

சாந்தி மேரி பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். அவள் பெரிதாக்கியது பூனையை அல்ல.

"லெக் பீஸா?"

"ஆமா."

"வெள்ளிக்கிழமையா?"

"சேச்சே. வெள்ளிக்கிழமை தொடவே மாட்டேன் மேரி."

கூரையில் ஒருவன் இருமினான். சாந்தி மேரி நிமிர்ந்து பார்த்ததும் அந்த இருமல் நின்றுவிட்டது. வேலை ஓய்ந்து எல்லோரும் மூச்சுக் காட்டாமல் இருந்த அந்த நேரத்தில், பிரிக்காத பக்கத்துக் கீற்றுக்குள்ளிருந்து மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. கீச்சென்று ஒன்று. அதற்குப் பதில் போல இன்னொன்று. நந்தினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில் அப்படியே சருகின் மேல் உட்கார்ந்தாள்.

சாந்தி மேரி படத்தை மேலே நகர்த்தினாள். இப்போது பூனையைப் பார்த்தாள். வாயில் தொங்கும் குட்டியை, கூரை விளிம்பைப் பற்றியிருக்கும் சின்னக் கால்களைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது.

"வாயில புள்ளைய வச்சுக்கிட்டு இந்த ஆளு தலைக்கு மேல ஏறிப் போயிருக்கே. எவ்ளோ தவிச்சிருக்கும்" என்றாள். பிறகு மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். "சத்தம் போடாம எறங்குங்கடா. தகரத்தைத் திருப்பி எடுத்துட்டுப் போகச் சொல்லு. மண்ணெண்ணெயத் தூக்குங்க."

"பிரிச்ச பக்கம் வெயில் படுமே அக்கா" என்றாள் நந்தினி.

"கீழேருந்தே ரெண்டு கீத்தைச் சாத்தி வைப்பானுங்க. அதோட சரி. குட்டிங்க தானா எறங்கிப் போற வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு மனுஷன் வரக் கூடாது. நீயும்தான் பாப்பா. டார்ச்சும் வேணாம், ஒண்ணும் வேணாம்." கணவரைக் கையால் காட்டினாள். "இவரு முக்கியமா வரக் கூடாது."

நந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். முத்தமிழ் ராசாத்தியின் காதருகே குனிந்தான். "எலும்பு நின்னா எலி நிக்கும், எலி நின்னா பூனை என்ன பண்ணும்? தெனமும் நான் வேணா வந்து சாப்பிட்டுட்டுப் போறேன் அக்கா." ராசாத்தி அவன் காலை மிதித்தாள்.

ஆட்கள் இறங்கி, அடைக்கலசாமியின் கண்ணைப் பார்க்காமல் நகர்ந்து போனார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர்கள் முதுகு குலுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் வேட்டி நுனியைப் பிசைந்துகொண்டு நின்றார். ஆனால் மேலேயிருந்து மறுபடி அந்தக் கீச்சுச் சத்தம் வந்தபோது, தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தார். இத்தனை நாளில் அவர் அந்தக் கூரையை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான்.

"நல்லாருக்குல்ல ரெண்டும்?" என்று நந்தினியிடம் கேட்டார்.

"நல்லாருக்கு ஐயா."

அவர் மூச்சை இழுத்து விட்டார். மனைவியின் பக்கம் திரும்பினார்.

"தப்பு தப்புதான் மேரி. வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும், எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு நானே சொல்லிடுறேன்."

சாந்தி மேரி போனை முத்தமிழிடம் நீட்டினாள். செருகியிருந்த சேலையை எடுத்து விட்டுக்கொண்டாள். நடக்கத் தொடங்கியவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"வேணாம். தவக்காலத்துல கோயில்ல யாரும் சிரிக்கக் கூடாது."